வெட்டி எடுத்த மூச்சுகள்

அந்த அறைக்குள் காற்றுக்கு அனுமதி இல்லை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, அதன் மேல் பஞ்சுப் பலகை ஒட்டி, அதற்கும் மேல் பழைய கம்பளி இரண்டைத் தொங்கவிட்டிருந்தான். கதவின் நான்கு ஓரத்திலும் ரப்பர் பட்டை. சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும். மின்விசிறி இருந்தது, ஓடாது. ஏசி இருந்தது, ஒலிப்பதிவு முடிந்த பிறகுதான் ஓடும். மைக் இருக்கிறதே, அது அடுத்த தெருவில் யாராவது தும்மினால்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளும் ஜென்மம். அதற்குப் பயந்து புருஷனும் பெண்டாட்டியும் இருபத்திரண்டு வருஷம் அந்தப் பத்துக்குப் பத்து அறையில் அடைந்து கிடந்தார்கள்.

அவன் ஒலிப்பதிவாளன். முன்பு வேலை பார்த்த பெரிய ஸ்டூடியோவில் அவனுக்கு வைத்த பெயர் சிம்னி. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதித் தள்ளுகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனுக்கும் அதில் வருத்தமில்லை. சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து, வீட்டுப் படுக்கையறையையே ஒலிப்பதிவு அறையாக்கிய பிறகும் அந்தப் பெயர் வால் மாதிரி கூடவே வந்தது.

அவள் குரல் கொடுப்பவள். வங்கிக்குப் போன் செய்தால், கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தால், மின்சாரம் போய்விட்டது என்று புகார் சொல்லப் போன் செய்தால், முதலில் பேசுகிறவள் அவள்தான். “நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். தயவுசெய்து காத்திருங்கள்.” ஊரில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அவளைத் திட்டாதவர் யாருமில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரர் மட்டும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அவள் தலை தெரிந்தால் போதும், “வெயிட்டிங் அக்கா வந்துட்டாங்க, எல்லாரும் வரிசையில நில்லுங்க” என்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்து மூச்சு வாங்குவாள்.

சிம்னிக்கு ஒரு பெருமை உண்டு. ஒலிப்பதிவு நடக்கும்போது, அதாவது சிவப்பு விளக்கு எரியும்போது, அவன் புகைத்ததே இல்லை. பெண்டாட்டி மேல் இருந்த அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். சிகரெட் காகிதம் எரிகிற சத்தம் மைக்கில் விழும். அதனால் விளக்கைப் போடும் முன் கண்ணும் கருத்துமாகச் சாம்பல் கிண்ணத்தில் அழுத்தி அணைப்பான். அவள் ஒரு பக்கம் படித்து முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு அடுத்ததைப் பற்ற வைப்பான். அது முடிகிற வரை அவள் மைக் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தை மனசுக்குள் படித்துக்கொண்டிருப்பாள். புகை எங்கே போகும்? கதவில் ரப்பர், ஜன்னலில் செங்கல்.

கல்யாணமான புதிதில் அவள் சொல்லிப் பார்த்தாள். “என்னங்க, வெளிய போய்ப் பிடிச்சிட்டு வாங்களேன். கண்ணெல்லாம் எரியுது.”

“கதவைத் திறந்தா தெருச் சத்தம் எல்லாம் உள்ள வந்துரும். மறுபடி ரூம் அடங்க எவ்வளவு நேரமாகும் தெரியுமா?”

“உடம்புக்கு ஆகாதுங்க.”

“என் உடம்புதானே? என் நெஞ்சு, என் பாடு. நான் பாத்துக்கறேன்.”

இந்த ‘என் நெஞ்சு, என் பாடு’ என்பதை அவன் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தான். ஏதோ பெரிய வீரம் போல. கேட்பவர்களும் ஆண்பிள்ளை தன் உயிரைத் துச்சமாக நினைக்கிறான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த அறையில் இரண்டு நெஞ்சு இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை என்பதுதான் கொடுமை.

தொழிலில் சிம்னியை அடிக்க ஆள் கிடையாது. குறிப்பாக ஒரு வேலையில். மூச்சு வெட்டுவது.

மனிதர்கள் பேசும்போது நடுநடுவே மூச்சு வாங்குவார்கள். நேரில் கேட்டால் காதில் விழாது. மைக்கில் அது ‘ஹக்’ என்று பூதாகாரமாகக் கேட்கும். போன் கம்பெனிக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. குரல் வேண்டும், குரலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பது தெரியக் கூடாது. அதனால் பதிவு முடிந்ததும் சிம்னி திரையில் அவள் குரலை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவான். வார்த்தைகள் பெரிய பெரிய மேடாகத் தெரியும். இரண்டு மேட்டுக்கு நடுவே எறும்புப் புற்று மாதிரி சின்னதாக ஒன்று தெரிந்தால் அது மூச்சு. அதை மட்டும் பிடித்து அழித்து, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டுவான். ஒட்டிய இடம் எந்தக் கொம்பன் கேட்டாலும் தெரியாது.

ஆரம்ப காலத்தில் அவளுக்கு ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சு வரும். பிறகு இருபது. பிறகு முப்பது. வெட்டுகிற வேலை கூடிக்கொண்டே போனதில் அவனுக்கு எரிச்சல் வந்தது.

“என்ன நீ, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இழுக்கிறே? வயித்துலேர்ந்து பேசு. தண்ணி குடி.”

அவள் தண்ணீர் குடித்தாள். வயிற்றிலிருந்து பேசிப் பார்த்தாள். வயசாகிறதல்லவா என்றாள். மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியைத் துடைப்பது போலப் பாவனை செய்தாள். மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான் என்று அல்ல. எப்படியும் அவன் வெட்டிவிடுவானே, அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் மூச்சை எல்லாம் அதுவே தேடிப் பிடித்து எடுத்துவிடும். சிம்னி அதைப் போட்டுக்கொண்டு, அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்து ஒன்றைப் பற்ற வைத்தான். அதுவரைக்கும் கையால் வெட்டியதால் எத்தனை என்றாவது தெரிந்தது. அன்றோடு எண்ணுவதும் நின்றது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. போன் செய்பவர்களைக் காத்திருக்கச் சொல்லும் அறிவிப்பு. அவர்கள் எழுதி அனுப்பியது ஒரே வாக்கியம், ரயில் மாதிரி நீளமாக. அன்று காலையிலிருந்தே அவள் ஒரு மாதிரி இருந்தாள். நெற்றியில் வேர்வை.

“என்னங்க, தாடை வலிக்குது. தோள்பட்டை வரைக்கும் இழுக்குது.”

“பல்லா இருக்கும். இதை முடிச்சிட்டுப் போய்க் காட்டலாம்.”

“நெஞ்சுல ஏதோ கல்லை வச்ச மாதிரி...”

“ஏசி போடாததால இருக்கும். ஒரே வாக்கியம்தானே, சொல்லிட்டு வா.”

சிவப்பு விளக்கு எரிந்தது. அவளால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. இரண்டில் முடியவில்லை. கடைசியில் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தையாகச் சொன்னாள். நடுவே ஒன்பது தடவை மூச்சு வாங்கினாள். அன்றைக்குப் பார்த்து மென்பொருள் மக்கர் செய்தது. அந்த மூச்சுகள் வார்த்தை அளவுக்குப் பெரிதாக இருந்ததால் அது அவற்றை வார்த்தை என்றே நினைத்துவிட்டது. சிம்னி பழையபடி கையால் உட்கார்ந்து ஒன்பதையும் வெட்டினான். இரண்டு மணி நேரம், ஆறு சிகரெட். அவள் பின்னால் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிக்காரர் கேட்டுவிட்டுச் சொக்கிப் போனார். “ஒரே மூச்சுல சொன்ன மாதிரி இருக்கு சார். எப்படி சார் இது?” சிம்னிக்குத் தலை கால் புரியவில்லை. பல் வைத்தியரிடம் போவது மறந்தே போனது. அவளுக்கும் வலி இரண்டு நாளில் விட்டுவிட்டது.

அதன் பிறகு அவள் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துக்கொண்டாள். ஒருநாள் கடைக்குப் போன இடத்தில் கடைக்காரரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, “அக்கா, இனிமே நீங்க வரிசையில நிக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு சிம்னிக்குப் போன் செய்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த டாக்டரம்மா, படங்களைப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “இவங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்கு.”

“அட்டாக்கா? அப்படி எதுவுமே வரலையே.”

“எல்லாரும் சினிமால காட்டுற மாதிரி நெஞ்சைப் பிடிச்சிட்டு விழ மாட்டாங்க. பொம்பளைங்களுக்குத் தாடை வலி, தோள் வலின்னுகூட வரும். நாலஞ்சு மாசத்துக்குள்ள அப்படி ஏதாவது?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ள இருக்கிற ரத்தத்துல பாதிக்கு மேல வெளிய தள்ளணும். இவங்களுது அஞ்சுல ஒரு பங்குதான் தள்ளுது. ஒரு பக்கத்துச் சதை செத்துப் போச்சு. மாத்திரை தரேன், அது இருக்கிறதைக் காப்பாத்திக்கிறதுக்கு. போனது போனதுதான்.” பிறகு அவளிடம் திரும்பினார். “நீங்க சிகரெட் பிடிப்பீங்களாம்மா?”

“நானா?” என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கச் சற்று நேரம் பிடித்தது.

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேட்கத் தேவையே இல்லை, சட்டையே சொல்லிக்கொண்டிருந்தது.

“ரெக்கார்டிங் நேரத்துல பிடிக்க மாட்டேன் டாக்டர்” என்றான். “லைட் போடுறதுக்கு முன்னாடி அணைச்சிடுவேன்.”

“லைட்டைப் பாத்ததும் புகை எழுந்து வெளிய போயிடுமா?”

அவன் சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

“அடுத்தவங்க விடுற புகையும் ரத்தக்குழாயோட உள்பக்கத்தைப் புண்ணாக்கும். ரத்தம் பிசுபிசுன்னு ஆகும். அப்புறம் ஒருநாள் உறைஞ்சு கட்டியாகிப் போய் அடைச்சிக்கும். நெஞ்சு இது யார் பிடிச்ச சிகரெட்டுன்னு பாக்காது.”

“அதனாலதான் வந்ததுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா டாக்டர்?”

அவன் கேட்டது பதிலுக்காக இல்லை. முடியாது என்ற ஒரு வார்த்தைக்காக. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று இருந்தான்.

“ஒரு ஆளை வச்சு உறுதியாச் சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. அவன் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். “சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல, கொழுப்பு இல்ல, அவங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல. மிச்சம் என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க.”

கிளம்பும்போது ஒரு அட்டையைக் கொடுத்தார். மூச்சு அதிகமானால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸும் அதே எண்தான் என்றார்.

அடுத்த வாரம் தனக்கும் பார்க்கச் சொல்லி அவனே போய்ப் படுத்தான். நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், டிரெட்மில் பட்டையில் ஓடவிட்டார்கள். எப்படியாவது தன்னுடையதும் பழுதாக இருக்க வேண்டும் என்று அந்த மனுஷன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். நாளுக்கு நாற்பது சிகரெட் பிடித்தவன் அவன், நியாயம் என்று ஒன்று இருந்தால் முதல் அடி அவனுக்குத்தானே விழ வேண்டும்? ஒரு குறையும் இல்லை, இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை அவளிடம் காட்ட அவனுக்குக் கூசியது. அவளாகவே பையிலிருந்து எடுத்துப் படித்தாள்.

“பரவாயில்ல, வீட்டுல ஒருத்தராவது பாஸ்” என்றாள்.

சிகரெட்டை அன்றே விட்டான். எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சொல்லியும் விடாதவன், ஒரே நாளில் விட்டான். கை சட்டைப் பைக்குப் போய்ப் போய் வந்தது, தலை வலித்தது, யார் மேலாவது எரிந்து விழலாம் போல இருந்தது. “கையை எங்க வச்சிக்கிறதுன்னே தெரியலையே உங்களுக்கு” என்று அவள் கிண்டல் செய்தாள். இருபது வருஷத்துக்கு முன் விட்டிருந்தால் அது மருந்து. இப்போது அவன் விட்டதை அவள் நெஞ்சுக்கு யார் போய்ச் சொல்வது?

ஒருநாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் ஜன்னலில் இருந்த செங்கல்லை உடைத்தான். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் வெயில் வந்து விழுந்தது. சத்தம் கேட்டு அவள் சுவரைப் பிடித்தபடி வந்து வாசலில் நின்றாள். அவன் பஞ்சுப் பலகைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தவை. முன்பக்கம் முழுக்க டீ கொட்டிய மாதிரி பழுப்பேறி, தொட்டால் பிசுக்கென்று ஒட்டியது. சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தது.

அவள் ஒரு துண்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குள்ளயும் இப்படித்தான் இருக்குமோ?”

குற்றம் சொல்கிற குரலில் கேட்கவில்லை. கடையில் துணியைப் பார்த்து ‘சாயம் போகுமோ’ என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அவள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உடைந்த செங்கல் மேலேயே உட்கார்ந்து அழுதான். அவள் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நின்று ஆறுதல் சொல்லும் அளவுக்கு அவளிடம் மூச்சு இல்லை.

அதே வாரம் கணினியைச் சுத்தம் செய்யப் போனபோது அந்தப் பட்டியல் கண்ணில் பட்டது. மென்பொருள் ஒவ்வொரு பதிவுக்கும் தான் செய்ததைச் சமர்த்தாக எழுதிவைத்திருந்தது. நீக்கிய மூச்சு முப்பத்தொன்று. நீக்கிய மூச்சு முப்பத்தெட்டு. நாற்பத்தாறு. அறுபது. ஒரே அளவுள்ள பக்கங்கள், மாதம் மாதமாக, மூன்று வருஷம். டாக்டரம்மா இயந்திரத்தை வைத்துக் கண்டுபிடித்ததை இந்தப் பெட்டி அப்போதே சொல்லியிருக்கிறது. அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திறந்து பார்த்திருந்தால் போதும். மைக்கில் ஒரு கொசு பறந்தாலும் கண்டுபிடிக்கிற காது அவனுக்கு. அந்தக் காதை வைத்துக்கொண்டு அவன் செய்ததெல்லாம் அவள் நெஞ்சு கொடுத்த புகாரை அழித்து, அழித்த இடம் தெரியாமல் ஒட்டியதுதான்.

“இதைப் பாரேன்” என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். காட்டாமல் இருக்க முடியவில்லை.

அவள் விரல் வைத்துக் கடைசி வரை படித்தாள். “அடேயப்பா, இவ்வளவா? அப்ப நான் இழுத்த மூச்சுல பாதி குப்பைக்குத்தான் போயிருக்கு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?”

“சொன்னேனே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது. ஜன்னல் ஓரத்தில் கட்டிலைப் போட்டான். தெருச் சத்தம் எல்லாம் உள்ளே வந்தது, அவளுக்கு அது பிடித்திருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணினான். நிமிஷத்துக்கு இருபத்தாறு, முப்பது, முப்பத்திரண்டு. எண்ணத் தெரிந்துகொண்ட நேரத்தைப் பாருங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினாள், உள்ளே எதுவும் போவதாகத் தெரியவில்லை. அவன் ஒரு கையை அவளிடம் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் அட்டையில் இருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

இரண்டு தடவை ரிங் போனது. எடுத்தார்கள்.

“வணக்கம், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, எங்கள் பணியாளர்கள் அனைவரும் இப்போது மற்ற அழைப்புகளில் இருப்பதால், இணைப்பைத் துண்டிக்காமல் சற்று நேரம் காத்திருக்குமாறு உங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம், நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்.”

அவள் குரல். தெளிவாக, இதமாக, ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல்.

“ஐயோ, எடுங்கடா, யாராவது எடுங்கடா” என்று அவன் போனைப் பார்த்துக் கத்தினான். போன் மறுபடி வணக்கம் சொன்னது.

அவள் அதைக் கேட்டுவிட்டாள். கண்ணில் அடையாளம் கண்டுகொண்ட ஒரு சின்னப் பொறி தெரிந்தது, கூட்டத்தில் தெரிந்தவரைப் பார்த்தால் வருமே, அது. இத்தனை வருஷப் பழக்கம், உதடு தானாகவே கூடச் சேர்ந்து அசைய ஆரம்பித்தது. வணக்கம், உங்கள் அழைப்பு. அதோடு நின்றுவிட்டது. மூச்சு வாங்க அவளுக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தை அவன் எடுத்துவிட்டிருந்தான். குரல் அவளை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

அவனுக்கு அந்த இடங்கள் தெரியும். உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ‘அழைப்பு’க்குப் பிறகு ஒன்று. ‘முக்கியமானது’க்குப் பிறகு ஒன்று. ‘அனைவரும்’ என்ற இடத்தில், தாடையைப் பிடித்துக்கொண்டு அவள் இழுத்த பெரிய மூச்சு ஒன்று. போன் பேசப் பேச அவன் ஒவ்வொன்றாக எண்ணினான். நாலு, ஐந்து, ஆறு. தான் எண்ணுவதை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்பது போல, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினான்.

ஒன்பதாவது இடத்தில் அவள் கை தளர்ந்தது. அவன் போனைக் கீழே வைக்கவில்லை, கையையும் விடவில்லை. நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள் என்று சொல்லி முடித்துவிட்டு, அவள் குரல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.